வெள்ளைப் பூ என்று சொன்னேன்

8 ஜனவரி 1962, திங்கள்

கம்பெனியில் இன்று முன்னூறு பனியனுக்குப் பிசிர் வெட்டினேன். என் வீட்டுக்காரர் நின்று துணி வெட்டிய மேசையில் இப்போது வேறு ஆள். நிற்கட்டும். அந்தப் பக்கம் திரும்பாமல் இருக்க என் கழுத்துக்குத்தான் தெரியவில்லை.

14 ஜனவரி, ஞாயிறு

பொங்கலன்றும் அவர் படுத்திருக்கும் பெருந்துறை ஆஸ்பத்திரிதான். காசநோய்க்காரர்களை விட்டு நாலு முழம் தள்ளி உட்கார வேண்டும். எங்கள் கண்ணம்மாள் காய்ச்சலில் போய்ப் பத்து மாதம். இருந்திருந்தால் மூன்று வயது. அவரும் அதைத்தான் நினைத்திருப்பார். எட்டி அவர் நெற்றியைத் தொட்டால் என்ன கெட்டுவிடும்? தொடவில்லை. பஸ்ஸில் வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு வந்தேன்.

21 ஜனவரி, ஞாயிறு

இளைத்துவிட்டார். ரொம்ப.

28 ஜனவரி, ஞாயிறு

டாக்டர் கூப்பிட்டுச் சொன்னார். நுரையீரலில் கெட்டுப்போன பாகத்தை ஆபரேஷன் செய்து எடுத்தால் பிழைக்க வழி உண்டு. விட்டால் ஆடி தாண்டாது. இவர் மசியவில்லை.

"மலைக்கோயில்ல பூக் கேட்டுட்டு வா. வெள்ளப் பூ வந்தாச் செஞ்சுக்கறேன். செவப்பு வந்தா என்னைய உட்டுரோணும்."

30 ஜனவரி, செவ்வாய்

பூசாரி வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலமாகக் கட்டி முருகன் காலடியில் வைத்தார். கண்ணை மூடி ஒன்றை எடுத்தேன்.

சிவப்பு.

அட முருகா, என் குழந்தையை எடுத்தது போதாதா உனக்கு? பூவைப் படிக்கட்டிலேயே போட்டுவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

4 பிப்ரவரி, ஞாயிறு

"என்ன பூ வந்துச்சு?"

"வெள்ளைங்க."

என் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். "செரி, டாக்டர்கிட்டச் சொல்லிரு" என்றார்.

என் நாக்கு அழுகினால் அழுகட்டும். எனக்கு அவர் வேண்டும்.

5 பிப்ரவரி, திங்கள்

மாமியாருக்குத் தலைகால் புரியவில்லை. "சாமியே சொல்லிருச்சு கண்ணு, இனி என்ன பயம்?" பயமெல்லாம் எனக்கல்லவா? ஆபரேஷனில் அவர் போய்விட்டால், கொன்றது நோய் இல்லை. நான்.

14 பிப்ரவரி, புதன்

உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது திரும்பிப் பார்த்தார். கத்திவிடலாமா, செவப்புங்க, வந்தது செவப்புங்க என்று? கதவைச் சாத்திவிட்டார்கள். ஐயோ, நான் என்ன பண்ணிப்போட்டேன்.

15 பிப்ரவரி

கண் திறந்தார்.

10 ஜூன், ஞாயிறு

அவர் வீட்டுக்கு வந்து எட்டு நாள். தான் நேர்ந்துகொண்ட வேண்டுதலைச் செலுத்த மலைக்கோயிலுக்குக் கிளம்பச் சொல்லி மாமியார் நச்சரிக்கிறாள். எந்த முகத்தோடு போய் நிற்பேன்? அவரிடம் சொல்லிவிட்டேன்.

"அன்னைக்கே தெரியும்" என்றார். "வெள்ளப் பூ வந்திருந்தா அதைக் கொண்டாந்து என்ற தலமாட்டுல வெச்சிருப்பயல்ல? வெறுங்கையோட வந்து நின்னே."

ஊரே செய்கிற வழக்கம். கிறுக்கி, எனக்குத் தோன்றவே இல்லை.

"அப்பறம் ஏனுங்க ஒத்துக்கிட்டீங்க?"

"புள்ள போனதிலிருந்து நீ ஒண்ணும் வேணும்னு கேட்டதில்ல. சாமி வேண்டாம்னு சொல்லியும் என்னைய வேணும்னு வந்து நின்னே. நான் எப்படி மாட்டேங்கறது?"

கண்ணம்மாளை எடுத்துக்கொண்டு போனபோது வராத அழுகை இன்று வந்தது. அவர் தடுக்கவில்லை.