கதவு நிற்காத சிவப்புக் கார்

ஜனவரி 8, திங்கள்

காலையில் வழக்கம்போல மகன் டிஜோவிடம் என் கையை நீட்டினேன். "கிள்ளுலே பாப்போம்." வலது கையால் கிள்ளினான். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் இன்னும் முட்டவில்லை. நடுவில் ஒரு நெத்திலி நீந்திப் போகலாம்.

"ஈ வந்து உக்காந்தாகூட இதவிடத் தெரியும்" என்றேன். சிரித்தான். அடுக்களையிலிருந்து என் வீட்டுக்காரி சகாயசெல்வி, "கை நசுங்கி வந்த பிள்ளகிட்ட இந்த மனுசனுக்குக் கேலிதான்" என்றாள். கேலி பண்ணாவிட்டால் மூன்று பேரும் உட்கார்ந்து அழவேண்டும், அது அவளுக்கும் தெரியும்.

மஸ்கட்டில் வேலைசெய்த இடத்தில் வின்ச் மெஷினுக்குள் கயிறோடு மகன் கையும் போனபோது விரல் ஐந்தும் மிஞ்சுமா என்று டாக்டருக்கே தெரியவில்லை. மிஞ்சியது. மாதாவே, அதற்கே இன்னும் நன்றி சொல்லி முடியவில்லை. பிடிமானமும் வந்துவிட்டால் அவன் மறுபடி ஒரு வேலைக்குப் போவான், தலை நிமிருவான். நாகர்கோவிலில் பயிற்சி கொடுக்கிற பெண் பொடிச் சாமானாகப் பார்த்துப் பொறுக்கச் சொன்னாள். சகாயம் முறத்தில் அரிசி போட்டு வைத்தாள். "நான் என்ன கோழியா" என்று எழுந்து போய்விட்டான்.

ஜனவரி 11, வியாழன்

துபாயிலிருந்து மகள் ஸ்மிதா ஒரு பெட்டி கொடுத்துவிட்டிருக்கிறாள். திறந்தால் பை பையாகப் பொடிப் பிளாஸ்டிக் கட்டைகள். ஒன்றின்மேல் ஒன்று அழுத்தினால் காராகுமாம். போனில் கேட்டேன், "மக்களே, தம்பிக்கு வண்டிய முழுசா அனுப்பப்பிடாதா? ஒடச்சா அனுப்புவ?"

"அப்பா, இது சின்னப்பிள்ளைய வெளயாட்டுச் சாமான் இல்ல. இங்க பெரிய பெரிய ஆளுவ சினிமாக் காரா சேத்து கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்காவ. டிஜோவுக்குப் பிடிச்ச காரு. மூடியப் பாருங்க."

பார்த்தேன். சிவப்புக் கார், ஒரு கதவு மட்டும் நீலம். முறிந்த பாலத்தில் வந்து தாவுமே, அந்த இங்கிலீஷ் படம். கேபிளில் எப்போது போட்டாலும் இவன் சோற்றுத் தட்டோடு டிவி முன்னால்தான். நீலக் கதவைக் கண்டதும் முகம் எப்படி ஆயிற்று என்று எழுத எனக்குத் தெரியவில்லை. நாலாங்கிளாஸ் படிப்பு இவ்வளவுதான் எழுதும்.

ஜனவரி 20, சனி

கார் முடிந்துவிட்டது. "லைசென்ஸ் எடுத்தாச்சா? ஆர்சி புக்கு எங்க?" என்றேன்.

"நீங்க போய் ஒங்க பட்டறையில வள்ளத்து ஓட்டய அடைங்கப்பா."

நல்லா இருக்கட்டும்.

ஜனவரி 27, சனி

மத்தியானம் சாப்பிட வந்தேன். காலையில் முழுசாக இருந்த கார் மேசையில் பாதியாகக் கிடந்தது. இது மூன்றாம் தடவையோ நாலாம் தடவையோ. நீலக் கதவு எப்போதும் தனியாகக் கிடக்கும், அது நிற்கவே மாட்டேன் என்கிறது. பிள்ளை மறுபடி முதலிலிருந்து கட்டுகிறான். அந்த விரல்களை வைத்துக்கொண்டு. எனக்கு மனசு தாங்காமல் பெரிய வெப்ராளமாகப் போயிற்று. இத்தனை பேர் மீன்பிடி வள்ளத்தை பைபர் ஒட்டி உடையாமல் செய்துகொடுக்கிறேன், என் வீட்டுக் கார் தினமும் உடைகிறது.

ஜனவரி 31, புதன்

அவன் பயிற்சிக்குப் போன நேரம் பார்த்துக் காரைப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். வள்ளத்துக்கு அடிக்கிற ரெசின் பசையில், இறுகுவதற்கு ஹார்டனர் கலந்து, சந்து பொந்து விடாமல் பிரஷ்ஷால் அடித்தேன். கதவுக்கு உள்பக்கம் பைபர் மேட் துணியே ஒட்டிவிட்டேன். இனி குளச்சல் கடலில் போட்டாலும் கதவு கழலாது. காய்ந்ததும் கண்ணாடி அலமாரியில் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். அவன் பார்க்கட்டும்.

பிப்ரவரி 1, வியாழன்

பாத்தான்.

அது ஒடையலியாம். அவனாவேதான் தெனமும் பிரிச்சிருக்கான். பிரிச்சுப் பிரிச்சுக் கட்டுறதுதான் பயிற்சியாம். அந்தக் கதவு சின்னக் கொக்கி, ரெண்டு வெரலும் முட்டினாத்தான் மாட்ட முடியுமாம், அது ஒண்ணுதான் பாக்கியாம். எனக்கு ஆரு சொன்னா? நான் கேட்டனா?

கத்தக்கூட இல்ல. "ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லாப்பா"ன்னு சொல்லிட்டு உள்ள போய்க் கதவச் சாத்திட்டான். என்ன மடத்தனம் செஞ்சிட்டேன். கட்டையெல்லாம் ரெசின்ல எளகி ஒண்ணோட ஒண்ணு பிடிச்சுப் போச்சு. கத்தி வச்சுப் பாத்தேன். ஒண்ணும் அசையல.

பிப்ரவரி 2, வெள்ளி

கையை நீட்டினேன். பார்க்காமல் போனான்.

பிப்ரவரி 9, வெள்ளி

பயிற்சிக்கும் போகவில்லை. ஸ்மிதா வேறு பெட்டி அனுப்புகிறேன் என்றாளாம், வேண்டாம் என்றுவிட்டானாம். இடது கையால் சாப்பிடுகிறான். வலது கை மடியில் கிடக்கிறது. நான் ஒரு தமாசும் சொல்லவில்லை. வீடு எனக்கே பிடிக்கவில்லை.

பிப்ரவரி 14, சாம்பல் புதன்

நெற்றியில் சாம்பலோடு வரும் வழியில் சகாயம் சொன்னாள், "இன்னைக்காவது பிள்ளகிட்டப் போய்ப் பேசுங்க. சிரிச்சிக்கிட்டுப் பேசாண்டாம்."

போனேன். சிரிக்காமல் பேச எனக்கு வராது, நாக்கு மரத்துப்போகும். "மக்கா, ஒழுகுறத அடைக்கணும், கழலுறத ஒட்டணும், எனக்கு அவ்வளவுதான் தெரியும்டே. பிரிக்கத் தெரியாது" என்றேன். அவன் சன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். நான் திரும்பும்போது, "சக்கரமுமா ஒட்டுனிய?" என்றான்.

"நாலும்" என்றேன்.

அவன் தோள் லேசாகக் குலுங்கியது. சிரித்தானா, தெரியவில்லை. சிரித்தான் என்றே வைத்துக்கொள்கிறேன்.

பிப்ரவரி 17, சனி

பட்டறைக்கு வந்தான். கையில் கார். "உப்புத்தாள் இருக்கா? கட்டையெல்லாம் இனி பிரிஞ்சு வராது. சக்கரமாவது சுத்தட்டும்."

சொரசொரப்பான உப்புத்தாளைக் கிழித்து மடித்துக் கொடுத்தேன். சக்கரச் சந்துக்குள் மொத்தக் கையும் நுழையாது. இரண்டு விரலால் பிடித்துத்தான் தேய்க்க வேண்டும். இடது கையில் எடுத்தான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வலது கைக்கு மாற்றினான். தாள் விழுந்தது. எடுத்தான். விழுந்தது. எடுத்தான். நான் வள்ளத்துக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டேன். வாயைத் திறந்தால் கெடுத்துவிடுவேன்.

மார்ச் 9, சனி

இரண்டு சக்கரம் சுற்றுகிறது. தினமும் வருகிறான். "எந்த ஆசாமி அடிச்ச ரெசினோ, சவம் வரமாட்டேங்குது" என்கிறான். "தொழில் தெரிஞ்ச ஆசாமி" என்கிறேன். பயிற்சிக்கும் திரும்பப் போகிறான். அந்தப் பெண் கையைப் பார்த்துவிட்டு, "வீட்ல என்ன செய்யிறீங்க?" என்று கேட்டாளாம். "எங்க அப்பா செஞ்ச தப்ப தேய்க்கேன்" என்றானாம். அவள் புரியாமல் விழித்தாளாம். இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான். சிரிக்கட்டும், என் பேரில் எவ்வளவு வேண்டுமானாலும்.

மார்ச் 19, சூசையப்பர் திருநாள்

"அப்பா, பாலம் செய்து தருவியளா? முறிஞ்ச பாலம்" என்று கேட்டான். வாழ்க்கையில் முதல் தடவையாக, முறிந்ததை முறிந்தபடியே செய்துதரச் சொல்லி ஒருத்தன் கேட்கிறான். பைபர் மேட் வெட்டி, ரெசின் அடித்து, நுனியைப் பிய்த்து, சாம்பல் பெயின்ட் அடித்தேன். இந்தத் தடவை எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்டேன். இங்க அடிக்கட்டா? இதத் தொடட்டா? கடைசியில் அவனே, "அம்மா, இந்த மனுசன ஒண்ணு சும்மா இருக்கச் சொல்லு" என்றான்.

ஏப்ரல் 6, சனி

நாலாவது சக்கரமும் நேற்றுச் சுற்றிவிட்டது. அலமாரியில் மாதாவுக்குப் பக்கத்தில் முறிந்த பாலம், அதன் நுனியில் முன்சக்கரம் இரண்டும் அந்தரத்தில் நிற்க சிவப்புக் கார். நீலக் கதவு கழலவே கழலாது. ஸ்மிதாவுக்குப் படம் அனுப்பினோம். அடுத்து ஒரு கறுப்புக் கார் வருகிறதாம், அதுவும் ஏதோ படத்தில் ஓடியதுதான். பெட்டி வந்தால் என்னைப் பத்தடி தள்ளி நிற்கச் சொல்லியிருக்கிறார்கள்.

காலையில் சாயா குடித்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றான். "கைய நீட்டுங்கப்பா" என்றான். நானாகக் கேட்கவில்லை, பிப்ரவரிக்குப் பிறகு நான் கேட்டதே இல்லை.

நீட்டினேன்.

சாயா முழுக்க வேட்டியில். சகாயம் ஓடிவந்து, "என்னத்துக்கு மனுசா கூப்பாடு போடுதிய?" என்றாள். கையைத்தான் காட்டினேன். அவள் பார்த்துவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

இதை எழுதும்போதும் முழங்கைக்குக் கீழே எரிகிறது. கிள்ளின இடத்தில் ஒரு புளியங்கொட்டை அளவுக்கு நீலம். சகாயம் எண்ணெய் தடவ வந்தாள். தொடாண்டாம் என்று சொல்லிவிட்டேன்.