வாய்க்குக் கிடைத்த ஊழியம்

அன்பு மகளே,

அப்பா போனபின் சுவரோடு பேசிப் பேசி அதற்கும் என்மேல் சலிப்பு; அதனால்தான் உன்னோடு வந்துவிடுகிறேன் என்றேன். இதற்குள் எங்கள் போதகர், “உங்க வாய்க்கேத்த ஊழியம் ஒண்ணு இருக்கும்மா” என்று, படுக்கையிலிருக்கும் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவுக்காக ஜெபிக்க அனுப்பினார்.

சபை வம்பையெல்லாம் கொட்டிவிட்டு, அவள் தனிமை நீங்க உருக்கமாக ஜெபித்தேன். உடனே அவளும் கண்ணை மூடி, எனக்காக ஜெபிக்க ஆரம்பித்தாள்.

“ஆண்டவரே, இவ வீட்டுல தினமும் சிரிப்புச் சத்தம் கேக்குது. சிரிக்கிறது டிவி மட்டுந்தான். இவளைத் தனியா விட்டுராதேயும். நாளைக்கும் இங்கயே அனுப்பும், மிச்ச வம்பையும் கேக்கணும்.”

ஆமென் சொல்லிவிட்டு, மறுநாளே மிச்ச வம்போடு போய் நின்றேன்.

இப்போது தினமும் நாலைந்து பேர் அங்கே கூடிவிடுகிறோம். எனக்காக ஒழித்த அறையை உன் மாமியாருக்கே கொடு. ஒரு வாரம் வருவேன். அதற்குமேல் தங்கினால், ஆண்டவருக்கு எங்கள் தெரு நிலவரம் தெரியாமல் போய்விடும்.

உன் வாயாடி அம்மா