பெடலை மிதித்தால் சிவப்பு

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே மூவரும் உடம்புக்கு நலம், மனசைப் பற்றி மட்டும் கொஞ்சம் பொறுத்துக் கேள். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன், இல்லாவிட்டாலும் நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொல்வாய், அந்தக் குணம் யாரிடமிருந்து வந்தது என்று இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்போது உனக்கே தெரியும். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் சொல்ல ஆரம்பித்தால் அழுதுவிடுவேன், நீ அங்கே வேலையைப் போட்டுவிட்டுப் பதறுவாய். அதனால் கையால் எழுதி, பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்புகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே, இன்று விரல்கள் என் பேச்சைக் கேட்கவில்லை.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு நாளைக்கு முன்னால் உன் தங்கையின் பரீட்சை பாதியில் நின்றதே, அது உன் அப்பாவின் வயரிங்கால் இல்லை. என்னால்தான். மருந்தாளுநர் உரிமத்துக்கு மூன்று முறைதான் எழுதலாம், அது அவளுக்கு மூன்றாவது முறை. ஆறு வருஷமாக மருந்துக்கடையில் உதவியாளராக நின்றுகொண்டு, நேற்று வந்தவர்கள் எல்லாம் அவளுக்கு மேலே போவதைப் பார்த்துக்கொண்டு, பஸ்ஸில் நின்றபடியே படித்த பெண். காரணத்தை எழுதி, அதைச் சரிசெய்ததற்கு எலக்ட்ரீஷியனான உன் அப்பாவின் கையெழுத்தும் சேர்த்துக் கொடுத்ததால் இரக்கப்பட்டு இன்னொரு முறை கொடுத்திருக்கிறார்கள், நாளைக் காலை பத்திலிருந்து ஒரு மணி வரை. இதுவும் போனால் பிறகு யார் காலில் விழுந்தாலும் கிடையாது. வீட்டிலிருந்தே ஆன்லைனில் எழுதுவது, இன்டர்நெட் இணைப்பு மூன்று முறை அறுந்தால் அந்தப் பக்கம் இருக்கும் கண்காணிப்பாளர் பரீட்சையை மூடிவிடுவார், அன்றைக்கும் அப்படித்தான் மூடினார்.

உனக்கே தெரியும், நம் வீட்டில் ரூட்டர் முன்னறையில் இருக்கிறது, அவளுக்குச் சத்தமில்லாத இடம் என்றால் பின்னறை ஒன்றுதான், நடுவில் தண்ணீர்க் குழாய் ஓடும் அந்தத் தடிச்சுவர். வைஃபை அந்தச் சுவர் வரைக்கும் நன்றாக வந்து, அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். நீ வைஃபையை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் வைத்தால் போதும் என்று சொல்லி இரண்டு பெட்டிகளை அனுப்பி வைத்தாய். அப்பாவோ காற்றில் வருவதற்கு யார் பொறுப்பு என்று கேட்டார், சுவருக்குள் அவர் கையால் இழுத்த கம்பி இருக்கும்போது காற்றை எதற்கு நம்ப வேண்டும் என்று பவர்லைன் அடாப்டர் இரண்டு வாங்கி வந்தார். அதுதான், ஒன்றை ரூட்டர் பக்கத்து பிளக்கிலும் இன்னொன்றைப் பின்னறை பிளக்கிலும் செருகிவிட்டால் கரண்ட் போகும் கம்பியிலேயே இன்டர்நெட்டும் போகுமாம். நீங்கள் இருவரும் போனில் ஒரு வாரம் முட்டிக்கொண்டீர்கள், நடுவில் அவள்தான் எதற்குத் தலையாட்டுவது என்று தெரியாமல் நின்றாள். கடைசியில் அப்பா மூன்று நாள் மாலையில் உட்கார்ந்து சோதித்துக் காட்டினார், மூன்று நாளும் ஒரு விக்கல்கூட இல்லை. அவள் அப்பாவை நம்பினாள்.

அந்த மூன்று நாளும் சோதனைக்கு முன்னால் உன் அப்பா என்னிடம் என்ன சொன்னார் தெரியுமா, கொஞ்ச நேரம் தையல் மெஷினை நிறுத்து, கவனமா பார்க்கணும், அந்த கடகட சத்தம் தலையைப் பிளக்குது என்று. நானும் நிறுத்தினேன். அவ்வளவுதான் விஷயம். பரீட்சை அன்று என்னை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, கதவைச் சாத்தினால் பின்னறைக்குச் சத்தம் கேட்காது. சும்மா உட்கார்ந்தால் மனசு கண்டதையும் நினைக்கும் என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் தைக்கக் கொடுத்த நாற்பது வெள்ளை மேலங்கியில் ஒன்றை எடுத்து காலர் தைத்தேன். உள்ளே அவள் போச்சு என்று கத்தினாள். ஓடினேன், நான் போய்ச் சேர்வதற்குள் இணைப்பு வந்துவிட்டது, கையைக் காட்டிப் போகச் சொன்னாள். திரும்பி வந்து ஒரு கையைப் பொருத்தினேன், மறுபடி கத்தினாள், மறுபடி ஓடினேன், மறுபடி வந்துவிட்டது. இன்னொரு கை. மூன்றாவது முறை அவள் கத்தவில்லை. கதவைத் திறந்து வந்து, அப்பா முகத்தைப் பார்த்து, உங்களை நம்பினேனே என்று மட்டும் சொன்னாள். அந்த மேலங்கியை நான் இன்னும் கொடுக்கவில்லை, அலமாரிக்கு அடியில் கிடக்கிறது.

மறுநாள் காலை நூல் சுற்றிய பாபின் உருண்டு மேசைக்கு அடியில் போய்விட்டது. குனிந்து தேடும்போது கை தவறிப் பெடல்மேல் ஊன்றிவிட்டேன், மேலே மெஷினின் மோட்டார் ஓடியது, எதிரே மூலையில் ரூட்டர் பக்கத்து அடாப்டரின் பச்சை விளக்கு சிவப்பானது. கையை எடுத்தேன், பச்சை. அழுத்தினேன், சிவப்பு. ஆறேழு தடவை செய்து பார்த்தேன், ஒரு தடவையாவது பொய்யாகாதா என்று. மேசைக்கு அடியிலேயே எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று எனக்குத் தெரியாது. எழுந்ததும் நான் செய்த காரியம், வெட்டி மிச்சமான துணி ஒன்றை எடுத்து அந்த விளக்கை மூடியதுதான். யாரிடமும் சொல்லவில்லை. உன் அம்மா தைரியசாலி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாயே, பார்த்துக்கொள்.

அதற்குப் பிறகு நடந்ததை எழுதவே கை கூசுகிறது. உன் தங்கை அப்பாவிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போய்விடுவாள். பேச வேண்டியிருந்தால் என்னிடம் சொல்லி அவருக்குச் சேர்ப்பிக்கச் சொல்வாள், அதுவும் குத்தலாக, நாற்பது வருஷ எலக்ட்ரீஷியன் வீட்டில்தான் கரண்டே சரியில்லை என்று. ஒரு சுவிட்சைக் கேலி செய்தாலே சண்டைக்கு வரும் மனுஷன், தலையைக் குனிந்து சோறு பிசைந்துகொண்டிருந்தார். பரீட்சைக்காரர்களுக்கு எழுதிய காகிதத்தில், வீட்டு மின்பாதையில் இரைச்சல் இருந்தது, கண்டுபிடித்துச் சரிசெய்யப்பட்டது என்று அவரே எழுதி, உரிம எண்ணும் போட்டுக் கையெழுத்து வைத்தார். தன் வேலையில் குறை என்று அவர் கைப்பட எழுதி நான் பார்த்ததே இல்லை. எனக்கோ ஒரே கவலை, என்ன கண்டுபிடித்தார், எதைச் சரிசெய்தார், கோளாறு என் காலடியில் அல்லவா இருக்கிறது, தெரியாமல் பொய்க் கையெழுத்துப் போட்டுவிட்டாரே என்று.

முந்தாநாள் மாலை உன் தங்கை நீ அனுப்பிய பெட்டிகளைப் பிரித்து மாட்டினாள். தப்பாக நினைக்காதே, பெட்டி நல்ல பெட்டிதான், நம் சுவர்தான் பொல்லாதது, போதாததற்கு மாடி வீடு, பக்கத்து வீடு என்று எல்லாருடைய வைஃபையும் இங்கேதான் கூட்டம் போடுகிறது. ஒரு மணி நேரத்தில் இரண்டு முறை அறுந்தது. அறுந்தாலும் பரவாயில்லை, இதில்தான் எழுதுவேன், அப்பாவின் கம்பியை மறுபடி நம்ப மாட்டேன் என்று பிடிவாதமாக நின்றாள். ஒரு மணிக்கு இரண்டு என்றால் மூன்று மணிக்கு எத்தனை என்று கணக்குப் போட எனக்குப் படிப்பு தேவையில்லை. நேற்று அவள் வேலைக்குப் போனதும் அப்பாவைக் கூப்பிட்டு மூலையில் உட்கார வைத்து, ஏங்க, இந்த விளக்கைப் பாருங்க என்று துணியை எடுத்துவிட்டு, மெஷினில் உட்கார்ந்து பெடலை மிதித்தேன். பச்சையாகவே இருந்தது. அழுத்தி மிதித்தேன். பச்சை. துணியே இல்லாமல் ஊசி ஓடுகிறது, நூல் அறுகிறது, அந்த விளக்கு அசையவே இல்லை.

அவர் எழுந்து வந்து என் காலைப் பெடலிலிருந்து மெதுவாக எடுத்துவிட்டார். "அது இனிமே சிவப்பாகாது. மூணாம் நாளே மாத்திட்டேன்" என்றார். பரீட்சைக்கு மறுநாள் சாயங்காலம் நான் தைக்கும்போதெல்லாம் இன்டர்நெட் வேகம் விழுவதையும், நான் நிறுத்தினால் அது நிமிர்வதையும் பார்த்திருக்கிறார். அடுத்த நாள் நான் பட்டன் வாங்கப் போனபோது மோட்டாரைக் கழற்றி, தேய்ந்துபோய்ப் பொறி விட்டுக்கொண்டிருந்த கார்பன் துண்டுகளை மாற்றி, பிளக்குக்குப் பின்னால் மோட்டாரிலிருந்து கம்பிக்குப் போகும் மின் இரைச்சலை வடிகட்டும் பெட்டி ஒன்றையும் வைத்திருக்கிறார். மெஷின் பத்து நாளாக வெண்ணெய் மாதிரி ஓடுகிறதே, நான் விட்ட எண்ணெய்தான் காரணம் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். தெரிந்தும் ஏன் இத்தனை பேச்சு வாங்கினீங்க என்று கேட்டேன். "என்னைத் திட்டினா ஒரு மாசத்துல மறந்துடுவா. உன்னை ஒரு வார்த்தை சொல்லிட்டாளோ, அதையே நெனச்சுக்கிட்டு பரீட்சையில உக்கார மாட்டா. முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். எனக்கு அவர்மேல் வந்த கோபத்தையும் பாசத்தையும் எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியவில்லை, காலரைப் பிடித்து நன்றாகத் திட்டிவிட்டேன்.

அவர் சொன்னதை நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் நாளைக்கு அறுகிற இணைப்பில் எழுதுவாள், அதற்கும் நான்தான் பொறுப்பு. இன்று காலை தலைவாரிக்கொண்டிருந்தவளை உட்கார வைத்து, காலரிலிருந்து கடைசிக் கை வரைக்கும், விளக்கைத் துணியால் மூடியதையும் அப்பா தெரிந்தே பேச்சு வாங்கியதையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு என் காலைப் பார்த்தாள். பன்னிரண்டு நாளா அவர் வாயைத் திறக்கலையே அம்மா என்றாள், பிறகு சீப்பை வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டாள். அந்தப் பகல் முழுவதும் நான் இருந்த இருப்பு எனக்கு மட்டும்தான் தெரியும், சொன்னதே தப்போ, பரீட்சையை இரண்டாம் முறையும் நானே கெடுத்துவிட்டேனோ என்று வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

மாலை வந்தவள் செருப்பைக் கழற்றாமல் நேரே அப்பா முன்னால் போய் நின்றாள். அவர் பேப்பரில் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தார், தலைகீழாகப் பிடித்திருந்தாரோ என்னவோ. "அப்பா, நாளைக்கு எதுல எழுதட்டும்?" என்று கேட்டாள். மன்னிப்பு என்ற வார்த்தை நம் வீட்டில் யாருக்கும் வாயில் வராது, அவள் குரலில் அது இருந்தது. பரீட்சைக்கு முன்னால் கம்பி கம்பி என்று கத்தியவர் பேப்பரை மடித்து வைத்தார். என்னைப் பார்த்து, நீ போய் மெஷின்ல உக்காரு, நான் சொல்ற வரைக்கும் நிறுத்தாதே என்றார். அவள் பின்னறையில் மாதிரித் தேர்வு எழுத, அப்பா மேசைக்கு அடியில் சம்மணம் போட்டு விளக்கைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் இரண்டு மணி நேரம் மிதித்தேன். ஒன்பது மேலங்கிக்குக் காலர் முடிந்தது, ஒரு முறைகூட அறுகவில்லை. அப்பா வெளியே வந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கம்பியில எழுது, அண்ணன் அனுப்பினதும் பக்கத்துல தயாரா இருக்கட்டும், இது போனா அதுக்கு மாறிக்கோ என்றார். உன் பெட்டிக்கு அவரே தன் கையால் பிளக் போட்டுக் கொடுத்தார், இதை நீ எங்காவது எழுதி வைத்துக்கொள்.

அவ்வளவு சோதித்த பிறகும் எனக்குப் பயம் போகவில்லை. அவளுக்கும் போகவில்லை போல, இப்போது வந்து மெஷினிலிருந்து பெடலைக் கழற்றித் தன் மேசைக்கு அடியில் கொண்டுபோய் வைத்துக்கொண்டாள். நம்பிக்கை இல்லையா என்றேன், அப்பா மேல இருக்கு, உன் கால் மேலதான் இல்லைம்மா என்று சொல்லிச் சிரித்தாள். பன்னிரண்டு நாளுக்குப் பிறகு கேட்ட சிரிப்பு, இந்தச் சத்தத்துக்காக அவள் என்னை எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லட்டும்.

நீ நன்றாக இரு, எடுத்த காரியமெல்லாம் கைகூடட்டும், உன் தங்கைக்கும் அப்படியே ஆகட்டும். அப்பா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார், போனில் ஜெயித்துவிட்டதாகக் காட்டிக்கொள்ளாமல் பேசு. நாளைக்கு எங்கள் நேரம் பத்திலிருந்து ஒன்று வரை தயவுசெய்து போன் செய்யாதே, முடிந்ததும் நானே செய்கிறேன்.

நாளை மூன்று மணி நேரம் காலைச் சும்மா வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கப்போகும்,
உன் அம்மா