பற்றாசு இல்லாத நாற்காலி

ஆம்ஸ்டர்டாம், 6 மார்ச் 1741

தட்டார் சங்கத்திலிருந்து பெட்டி திரும்பி வந்தது. துணி வணிகர் மனைவியின் பொம்மை வீட்டுக்காகச் செய்த கட்டைவிரல் உயர வெள்ளி நாற்காலிகள். பன்னிரண்டையும் நசுக்கி அனுப்பியிருக்கிறார்கள். வெள்ளியின் மாற்றுக் குறைவாம்! தகடு சுத்தம், காலை ஒட்டுகிற பற்றாசில்தான் செம்பு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்கிற கதை. இன்னொரு முறை குறைந்தால் போய்ச் சேர்ந்த யோரிஸின் முத்திரையைப் பிடுங்கிக்கொள்வார்கள். புருஷன் முத்திரை போனால் விதவைக்குக் கடை ஏது?

7 மார்ச்

வெஸ்ஸல் பத்து வருடமாக எங்களிடம் வேலை செய்கிறவன். ரொட்டியை மென்றுகொண்டே, "எதுக்கு இந்தத் தலைவலி? என்னைக் கட்டிக்கிட்டா நான் பட்டறை முதலாளி. நீங்க நிம்மதியா அடுப்படியைப் பாக்கலாம்" என்கிறான். பெண் கேட்கிற லட்சணம்!

"அங்கேயும் நெருப்பு, இங்கேயும் நெருப்பு. எனக்கு இங்கதான் பழக்கம்" என்றேன்.

9 மார்ச்

நசுங்கிய கால் ஒன்றை அராவிப் பார்த்தேன். உள்ளே பற்றாசு அடை அடையாக. ஒட்டியது வெஸ்ஸல். யோரிஸ் இருந்தபோது கடுகளவுதான் வைப்பான். வேண்டுமென்றே செய்தானா — பாவி, கேட்டால் சிரிப்பான்.

10 மார்ச்

பற்றாசே வேண்டாம். காலில் நாக்கு, இருக்கையில் துளை, குறுக்கே வெள்ளி ஆணி. தச்சன் அப்படித்தானே செய்கிறான்?

18 மார்ச்

ஒன்பது முடிந்தது. நானே செய்கிறேன், வெஸ்ஸலைத் தொடவிடவில்லை. விரலெல்லாம் புண். "முதலாளியம்மா தச்சு வேலைக்குப் போயிட்டாங்க போல" என்கிறான். சிரிக்கட்டும்.

23 மார்ச்

பன்னிரண்டையும் சங்கத்துக்குக் கொண்டுபோனேன். சோதனையாளர் ரெம்மெல்ட்ஸ் சுரண்டிப் பார்த்தார். "தகடு சரி. மூட்டு?"

"மூட்டுல பற்றாசே இல்லைங்க ஐயா."

"எல்லாரும் சொல்றதுதான்."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ! "அப்ப முழுசா ஒண்ணை உருக்கிப் பாருங்க. எதை வேணாலும் எடுங்க."

இருப்பதில் அழகானதைத்தான் எடுத்தார், மனுஷன். அதை உருக்கும் மூசைக்குள் போட்டார். வெஸ்ஸல் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு வாங்கம்மா" என்றார் ரெம்மெல்ட்ஸ்.

24 மார்ச்

பதினொரு நாற்காலி. ஒவ்வொன்றின் அடியிலும் சங்க முத்திரை! கூடவே, உருக்கியதில் மிஞ்சிய பட்டாணி அளவு வெள்ளிக் குண்டு. வரும் வழியெல்லாம் அழுதேன்.

25 மார்ச்

வெஸ்ஸல் தன் அரங்களைத் துணியில் சுற்றிக்கொண்டு கிளம்பிவிட்டான். வாசலில் நின்று, "பன்னிரண்டுல்ல கேட்டாங்க? ஒண்ணு குறையுதே" என்றான்.

"நான் செஞ்சுக்குவேன்" என்றேன்.

குண்டைப் பட்டடையில் வைத்துத் தட்ட ஆரம்பித்தேன்.