எதிர்ப்புடன் கட்டிய வரி

20.5.2002, திங்கள்

அரசாங்கத்துக்கு இன்று ஒரு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய் தானம் செய்தோம். நாங்கள் இறக்குமதி செய்யும் படகு எஞ்சின் உதிரிபாகங்களுக்கு வரி குறைவு. ஆனால் சுங்க அதிகாரி பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, இது எல்லா எஞ்சினுக்கும் பொருந்தும் என்று கூடுதல் வரி போட்டுவிட்டார். மனிதர் ஆயுசில் படகு ஏறியிருக்க மாட்டார்.

வழக்குப் பேச நேரமில்லை. மீன்பிடித் தடை முடிய இன்னும் ஒன்பதே நாள். காசிமேட்டில் பாதிப் படகுகள் எஞ்சினைப் பிரித்துப் போட்டுவிட்டு எங்கள் ராயபுரம் கடையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கின்றன. வாயை மூடிக்கொண்டு கட்டினோம்.

பணம் என் தம்பி பாலகணேஷ் கொடுத்தது. ஒரு வருடத்தில் திருப்பித் தராவிட்டால் கடையின் முன்பாதி அவனுக்கு. பத்திரத்தில் எழுதி, கையெழுத்தும் வாங்கிக்கொண்டான். என்ன பாசம்!

துறைமுகத்திலிருந்து சரக்கை எடுத்துத் தரும் ஏஜெண்டு சுப்புராயன் ஒரு வழி சொன்னார். "சும்மா கட்டிட்டா ஆறு மாசத்துக்குள்ள திருப்பிக் கேக்கணும் அண்ணி. அப்பால கேட்டா நாமந்தான். ஒத்துக்காமதான் கட்றோம்னு ஒரு லெட்டரு குட்த்துட்டா கெடுவே கெடையாது. எப்ப வோணா கேக்கலாம்."

கடிதம் டைப் அடித்தாயிற்று. என் வீட்டுக்காரர் சுயம்பு உடனே கொண்டுபோய்க் கொடுக்கக் கிளம்பினார். நான் விடவில்லை. இன்று அஷ்டமி. நாளை நவமி, போதாததற்குச் செவ்வாய். வம்பு வழக்குக் காகிதத்தை இப்படியொரு நாளிலா கொடுப்பது? புதன்கிழமை போகட்டும். "அப்ப பணம் மட்டும் அஷ்டமில கட்டலாமாக்கும்?" என்றார். போகிற பணத்துக்கு எதற்கு நல்ல நாள்?

22.5.2002, புதன்

சரக்கு வந்துவிட்டது. கடைக்குள் நிற்க இடமில்லை. முகத்துவாரக்குப்பத்திலிருந்தெல்லாம் ஆள். பழைய விலைக்கே கொடுக்கிறோம். இரண்டு படகு வைத்திருக்கும் குப்பம்மாவிடம் பத்து ரூபாய் ஏற்றிப் பார்த்தேன். "இன்னாம்மா, போல்ட்டு விக்கிறியா, கப்பலு விக்கிறியா?" என்றாள். இறக்கிவிட்டேன்.

நடுவில் சுப்புராயன் வந்து, காபி குடித்து, சுங்கக் காகிதங்கள் இருந்த ஃபைலை எடுத்துப் போனார்.

20.11.2002, புதன்

ஆறு மாதம் இன்றோடு முடிகிறது. அந்தக் கவலையெல்லாம் சாமானியர்களுக்கு. நாங்கள் எதிர்ப்புத் தெரிவித்துக் கட்டிய பரம்பரை.

3.2.2003, திங்கள்

சுங்கத் துறையே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. எங்கள் சாமான் படகுச் சாமான்தானாம்! இதைக் கண்டுபிடிக்க ஏறக்குறைய ஒன்பது மாதம். சுகப்பிரசவம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டு மனுப் போட்டோம். பாலகணேஷிடம் போனில் சொன்னேன். "மே இருபதுக்குள்ள வந்தா சந்தோசம்க்கா." அவன் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

28.3.2003, வெள்ளி

நோட்டீஸ் வந்திருக்கிறது. ஆறு மாதக் கெடு தாண்டிவிட்டதாம். எதிர்ப்புக் கடிதம் எதுவும் அவர்கள் கோப்பில் இல்லையாம்.

இல்லையா? எப்படி இல்லாமல் போகும்? சுப்புராயன் வீட்டுக்கே போனேன். "லெட்டரு என் கைக்கே வர்ல அண்ணி. வந்திருந்தா சீலு வாங்காம வுடுவனா?" என்றார். நீங்கள் கொடுத்தீர்களா என்று கூட வந்த என் வீட்டுக்காரரைக் கேட்டால், "நீதான ஃபைலு கொடுத்த" என்கிறார். கொடுத்தேனே! ஃபைலோடு சேர்த்துத்தானே கொடுத்தேன்! தொலைத்துவிட்டுக் கதை விடுகிறார் சுப்புராயன். திருடன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். அவர் மகள் யசோதரா தண்ணீர்ச் சொம்போடு நின்றுகொண்டிருந்தாள். நிற்கட்டும், தெரிந்துகொள்ளட்டும்.

9.4.2003, புதன்

விசாரணை. அதிகாரி ரொம்ப மரியாதை. "நாற்காலியில உக்காருங்கம்மா. சீல் போட்ட நகல் இருக்கா?" நகல் இருக்கிறது, சீல்தான் இல்லை. "அப்ப அது உங்க வீட்டுக் காகிதம்மா" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். கத்தியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

7.5.2003, புதன்

மனு தள்ளுபடி. மேல்முறையீட்டுக்கு அறுபது நாள். வாங்கும்போது கெடு கிடையாது, கேட்கும்போது மட்டும் கெடுவுக்கு மேல் கெடு.

விடப் போவதில்லை. கடிதத்தை ஏஜெண்டிடம் கொடுத்தோம், அவர்தான் தொலைத்தார் என்று எழுதி, சுப்புராயனின் லைசென்ஸை ரத்து செய்யச் சொல்லி ஒரு புகாரையும் சேர்த்து அனுப்பப் போகிறேன். டைப் அடிக்கக் கொடுத்தாயிற்று.

20.5.2003, செவ்வாய்

பாலகணேஷ் காலை எட்டரைக்கே வந்துவிட்டான். எங்கள் குடும்பத்தில் கெடு தவறாத ஒரே ஆள். முன்பாதியில் செல்போன் கடை போடுகிறானாம். "கணக்குன்னா கணக்குக்கா. மனசுல வச்சுக்காத." எங்கே வைத்துக்கொள்வதாம்?

2.6.2003, திங்கள்

தச்சர் மண்ணாங்கட்டி முன்பக்க அலமாரிகளைக் கழற்றினார். கடைசியில் திருச்செந்தூர் முருகன் படம். ஆயுத பூஜைக்குக்கூட மாலை போட்டதோடு சரி, அதைக் கழற்றித் துடைத்ததில்லை. அவர் படத்தைத் தூக்கியதும் பின்னாலிருந்து ஒரு கவர் விழுந்தது. "இன்னாம்மா இது, கல்யாணப் பத்திரிகையா? நாலு மூலையிலயும் மஞ்சா கீது."

மஞ்சள் வைத்தது என் விரல்தான். புதன்கிழமை வரை சாமியிடம் இருக்கட்டும் என்று ஸ்டூல் போட்டு ஏறி வைத்ததும் நான்தான். ஐயோ, எப்படி மறந்தேன்? வீட்டுக்காரர் கவரிலிருந்த எதிர்ப்புக் கடிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். திட்டியிருக்கலாம்.

அடித்து வந்த மேல்முறையீட்டையும் புகாரையும் கிழித்துப் போட்டேன். அந்தப் பணம் போனது போனதுதான்.

3.6.2003, செவ்வாய்

சுப்புராயன் வீட்டுக்குப் போய்க் கவரை நீட்டினேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சிரித்தார். "சாமியாண்டயே குட்த்துட்டீங்களா? சீலு போட்டாரா?" நானும் சிரிக்கப் பார்த்தேன், அழுகைதான் வந்தது. "நீங்க திட்டுனது பரவால்ல அண்ணி. பொண்ணு எதிர்ல திட்டுனீங்க பாருங்க, அதான் பேஜாராப் போச்சு." யசோதராவைக் கூப்பிட்டு, தப்பு என்னுடையது, உங்க அப்பா மேல் ஒரு குற்றமும் இல்லை என்று சொன்னேன். அவள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். மன்னித்த மாதிரி தெரியவில்லை.

19.9.2003, வெள்ளி

தேய்பிறை அஷ்டமி. பின்பாதிக் கடையிலிருந்து எழுதுகிறேன். முன்பாதியில் காலையிலிருந்து யாராவது ஒருவர் "அலோ, கேக்குதா?" என்று கத்திக்கொண்டிருக்கிறார்.

இந்தத் தடவை வேறு சாமான், அதே தலைவலி. கூடுதல் வரியைக் கட்டிய கையோடு கடிதத்தையும் நானே நேரில் கொண்டுபோனேன். குமாஸ்தா சாப்பாட்டுக்கு அப்புறம் வரச் சொன்னார். அங்கேயே நின்றேன். சீல் விழுந்தது.

வெளியே சுப்புராயன் நின்றுகொண்டிருந்தார். நகலை வாங்கிப் பார்த்துவிட்டுக் கைக்கடிகாரத்தையும் பார்த்தார். மணி பத்து ஐம்பது.

"அண்ணி, ராவுகாலம்."

"தெரியும்" என்றேன்.