நாற்பத்து மூன்று மணி எண்பது நிமிஷம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே அப்படியே இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். என் முழங்கால் மட்டும் என்னோடு சண்டை போட்டுக்கொண்டு தனிக்குடித்தனம் போகப் பார்க்கிறது. அப்பா ரேடியோவை ஊருக்கே கேட்கிற மாதிரி வைத்துவிட்டு, நான்தான் கத்துகிறேன் என்கிறார். ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னதற்கெல்லாம் நான் ம்ம் ம்ம் என்று சொன்னேன் அல்லவா, அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதே. உன் குரல் தழுதழுத்தது, எனக்குப் பேச வரவில்லை, அவ்வளவுதான். அதனால்தான் எழுதுகிறேன். போனில் என்றால் நீ நடுவில் பாய்வாய், கடிதத்தில் பாய முடியாது பார்.

அன்றைக்கு அரைகுறையாகச் சொன்னதை முதலிலிருந்து சொல்கிறேன். போன செவ்வாய்க்கிழமை முழங்காலைக் காட்ட டாக்டரிடம் போனேன். வாரத்தில் எத்தனை மணி நேரம் நின்று வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார். பையில் லாண்டரியின் சம்பளச் சீட்டு இருந்தது, எடுத்து அதில் போட்டிருந்த 43.80 என்பதை நாற்பத்து மூன்று மணி எண்பது நிமிஷம் என்று வாய்விட்டுப் படித்தேன். அந்த மனுஷர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். எண்பது நிமிஷமா, உங்க ஊர்க் கடிகாரத்துல மணிக்கு எத்தனை நிமிஷம்மா என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் அங்கேயே வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். எங்களுக்கு ஒரு நாளைக்கு ஏழரை மணி நேரம். வாசலில் இருக்கிற கார்டு மெஷின் அதை 7.30 என்று அடிக்கும், ஏழு மணி முப்பது நிமிஷம் என்று அர்த்தம். ஆபீஸில் அதை ஏதோ காய்கறி எடை மாதிரி அப்படியே ஆறு நாளுக்கும் கூட்டி 43.80 ஆக்கி, மணிக்கு எண்பது வீதம் பெருக்கி, மூவாயிரத்து ஐந்நூற்று நான்கு கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஏழரையை ஆறால் பெருக்கினால் நாற்பத்தைந்து மணி. மூவாயிரத்து அறுநூறு வர வேண்டும். வாரத்துக்குத் தொண்ணூற்றாறு குறைகிறது. இவ்வளவுதானா அம்மா, இதை நானே அனுப்பிவிட மாட்டேனா என்று நீ கேட்டாய். வருஷத்துக்கு ஐம்பது வாரம் என்று வைத்தால் அறுபது மணி நேரம், அதாவது எட்டு முழு நாள். ஆஸ்பத்திரிப் போர்வையை எட்டு நாள் சும்மா துவைத்துக் கொடுத்திருக்கிறேன். நாள்கூலியை மாற்றி மணிக்கூலி ஆக்கி இரண்டு வருஷம் ஆகிறது, கூலி ஒரு காசு ஏறவில்லை, ஆளுக்கு ஒன்பதாயிரத்து அறுநூறு போயிருக்கிறது. நாங்கள் பதினான்கு பேர். மீதியை நீயே பெருக்கிக்கொள், கால்குலேட்டரில் போட்டாலும் புள்ளி வைக்கும் இடத்தைப் பார்த்துப் போடு.

புதன்கிழமை சம்பளம் போடுகிற பையனிடம் போய்க் காட்டினேன். பாவம், அவன் முகத்தில் ஈயாடவில்லை. வேண்டுமென்று செய்தவன் இல்லை, அவனுக்கு மாதச் சம்பளம், மணியைக் கூட்ட வேண்டிய தலையெழுத்து அவனுக்கு வந்ததே இல்லை. மெஷின் புள்ளி போட்டுத் தருது அக்கா, நான் புள்ளியைக் கூட்டிட்டேன், இதை மேனேஜர்கிட்ட எப்படிச் சொல்வேன் என்று என்னையே கேட்டான். நானே சொல்கிறேன் என்று சொல்லி வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். மறுநாள் மேனேஜர் கூப்பிட்டார், நாற்காலியெல்லாம் போட்டு உட்கார வைத்தார், அப்போதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இனிமேல் சரியாகப் போட்டுவிடுகிறோம், பழசு பழசாகவே இருக்கட்டும், உங்களுக்கு மட்டும் பாக்கியைத் தந்து, துணி எண்ணுகிற மேசைக்கு மாற்றிவிடுகிறேன், மற்றவர்கள் காதில் போட வேண்டாம், செவ்வாய்க்கிழமைக்குள் சொல்லுங்கள் என்றார். துணி எண்ணுகிற மேசை என்றால் உட்கார்ந்து செய்கிற வேலை. உன்னிடம் மறைப்பானேன், அதைக் கேட்டதும் எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. வீடு வரும்வரை அந்த மேசையிலேயே உட்கார்ந்திருந்தேன் என்று வைத்துக்கொள்.

அப்பா, பேசாமல் வாங்கிக்கொண்டு உட்கார், ஊர் வம்பு நமக்கு எதற்கு என்றார். நீயும் அதையேதான் சொன்னாய், கூடவே அதுவும் பிடிக்காவிட்டால் மாதக் கடைசியோடு வேலையை விட்டுவிட்டு நீயும் அப்பாவும் இங்கே வந்துவிடுங்கள், அறை தயாராக இருக்கிறது, டிக்கெட் போடுகிறேன் என்றாய். நான் பெற்ற பெண் இப்படிச் சொல்ல நான் கொடுத்து வைத்திருக்க வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது, அப்பாவுக்கும் நேற்றுவரை சொல்லவில்லை. இந்த இரண்டு வருஷமும் பதினான்கு பேருடைய சீட்டையும் சரிபார்த்தது நான்தான். பத்தாவது வரை படித்தவள் அங்கே நான் ஒருத்திதானே. வெள்ளிக்கிழமை சீட்டு வந்ததும் எல்லோரும் என்னிடம் நீட்டுவார்கள், நானும் பெரிய மனுஷி மாதிரி சோப்பு அட்டையில் 43.80ஐ எண்பதால் பெருக்கிப் பார்த்து, சரியா இருக்கு, கையெழுத்துப் போடுங்க என்பேன். பெருக்கல் சரியாகத்தான் இருந்தது. எதைப் பெருக்குகிறோம் என்று ஒரு நாளும் பார்க்கவில்லை. நூறு தடவை அந்த எண்பது என் கண்ணெதிரே நின்றிருக்கிறது, நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அதைவிட மோசம் ஒன்று கேள். ரோலர் இஸ்திரி மெஷினில் நிற்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள், கை அவ்வளவு வேகம், நாங்கள் மின்னல் என்றுதான் கூப்பிடுவோம். உன்னைவிட நான்கு வயது சின்னவள். சரியாக ஒரு வருஷத்துக்கு முன்னால் அவள்தான் கேட்டாள், அக்கா, நாள்கூலியா இருந்தப்போ வாரத்துக்கு மூவாயிரத்து அறுநூறு வந்துச்சே, இப்ப ஏன் வரமாட்டேங்குது என்று. கேட்க வேண்டிய கேள்வியை ஒருத்தி கேட்டுவிட்டாள், பதில் சொல்ல வேண்டியவள் நான். நான் என்ன செய்தேன் தெரியுமா, எல்லோர் முன்னாலும், வாசல்ல நின்னு அரட்டை அடிச்சா நிமிஷத்தைப் பிடிக்காம கொஞ்சவா செய்வாங்க, மெஷின் பொய் சொல்லாது, நேரத்துக்கு வந்து பாரு என்று அடக்கிவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவள் வாயே திறக்கவில்லை.

இன்றைக்குத் திங்கட்கிழமை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பதின்மூன்று பேரையும் போர்வைக் கூடைகளுக்கு நடுவில் நிற்க வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கணக்கையும் சொன்னேன், நான் சரி சரி என்று சொன்னது தப்பு என்பதையும் சொன்னேன், மேனேஜர் எனக்குத் தருவதாகச் சொன்ன மேசையையும் சொன்னேன். அப்புறம் ஒருத்தி, நானும் என் பஸ் லேட்டாகுதுன்னுதான் நெனச்சேன் என்றாள், இன்னொருத்தி, நான் பாத்ரூம் போறதைப் பிடிக்கிறாங்கன்னு நெனச்சேன் என்றாள். பதினான்கு பேரும் ஆளுக்கொரு குற்றத்தை ரகசியமாகத் தலையில் போட்டுக்கொண்டு இரண்டு வருஷம் ஓட்டியிருக்கிறோம். மின்னல் மட்டும் கடைசியாகக் கேட்டாள். அக்கா, அப்ப நான் கால் மணி முன்னாடி வந்ததும் கணக்குல சேராதா என்றாள். என்னவென்று விசாரித்தால், நான் திட்டிய நாளிலிருந்து தினமும் கால் மணி முன்னதாக வந்து ரோலரைச் சூடாக்கி வைத்திருக்கிறாள். சாப்பாட்டு நேரம் நீண்டால் பிடிப்பார்கள் என்று பயந்து, அரை மணியில் பாதியிலேயே கையைக் கழுவிவிட்டு மெஷினுக்குத் திரும்பியிருக்கிறாள். நான் அதைப் பார்த்திருக்கிறேன், நல்ல பெயர் வாங்கத் துடிக்கிறாள் என்றுகூட நினைத்திருக்கிறேன். வேலை நேரத்துக்கு முன்னால் வந்ததை மெஷின் எண்ணாது, அந்த நேரமும் சாப்பிடாமல் நின்ற நேரமும் எந்தக் கார்டிலும் இல்லை, மேனேஜரிடம் கேட்க வழியில்லை. ஒரு நாளைக்கு அரை மணி, வாரத்துக்கு மூன்று மணி, வருஷத்துக்கு நூற்றைம்பது மணி. பன்னிரண்டாயிரம். அவளுக்கு ஆபீஸ் தர வேண்டியது ஒன்பதாயிரத்து அறுநூறு, நான் தர வேண்டியது பன்னிரண்டாயிரம். புள்ளி தெரியாத பையனைவிட வாயை அடக்கத் தெரியாத நான்தான் அவளுக்கு அதிகம் நஷ்டம் வைத்திருக்கிறேன். மன்னிச்சுக்கோ என்று அவள் கையைப் பிடித்தேன். போங்கக்கா, நீங்க என்ன வேணும்னா செஞ்சீங்க என்று சிரித்துவிட்டுப் போய்விட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

எங்கள் பதினான்கு பேர் கணக்கையும் தனித்தனியாக எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்ட தாள் இப்போது என் பக்கத்தில் இருக்கிறது. சம்பளப் பையனும் மெஷின் அடித்த பழைய கார்டுகளை எடுத்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறான், நடுங்கிக்கொண்டேதான் சொன்னான். நாளைக் காலையில் மேனேஜர் மேசையில் இதை வைப்பேன். எனக்கு அந்த நாற்காலி வேண்டாம், பதினான்கு பேருக்கும் இரண்டு வருஷப் பாக்கி வேண்டும், அடுத்த மாதத்துக்குள் வராவிட்டால் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போவோம் என்று சொல்லப் போகிறேன். கண்ணாடி முன்னால் நின்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, மேனேஜர் பாவம் என்றார். அப்புறம் தாளை வாங்கி ஒவ்வொரு கணக்கையும் திரும்பப் போட்டுப் பார்த்து, ஒரு இடத்தில் என் எழுத்து புரியவில்லை என்று திட்டிவிட்டு, அவரே அழகாகப் படி எடுத்துக் கொடுத்தார்.

உனக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உன் மாதச் சம்பளத்தை ஆபீஸ் நேரத்தால் வகுத்துவிட்டுப் பெருமைப்படாதே, சாப்பிடும்போதும் போனைப் பார்த்துப் பதில் எழுதுகிறாயே, அந்த நேரத்தையும் சேர்த்து வகுத்துப் பார். யாராவது எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொன்னால், அது உன் அம்மாவாகவே இருந்தாலும், நீ ஒரு தடவை கூட்டிப் பார். தட்டின் முன்னால் உட்கார்ந்து சாப்பிடு. மாப்பிள்ளையையும் உட்கார வை.

டிக்கெட் விஷயத்துக்கு வருகிறேன். இனிமேல் வாரத்துக்குத் தொண்ணூற்றாறு கூட வருமே, அதை மின்னல் கையில் கொடுத்துவிடப் போகிறேன். வாங்க மாட்டாள், வாங்க வைப்பேன். உன் பணம் இதற்கு வேண்டாம், கோபித்துக்கொள்ளாதே, இது நான் நின்று தீர்க்க வேண்டியது. என் பாக்கி வந்தால் அதை முழுசாக அவளுக்குக் கொடுத்துவிடுவேன், மீதி இரண்டாயிரத்து நானூறு, அதற்கு இருபத்தைந்து வாரம். பாக்கி வராவிட்டால் நூற்றிருபத்தைந்து வாரம். உன்னோடு வந்து இருக்க எனக்கு எவ்வளவு ஆசை என்று உனக்குத் தெரியும், அம்மா வராமலே போய்விடுவாளோ என்று அழாதே. முழங்காலுக்குக் கட்டுத்துணி வாங்கிவிட்டேன். டிக்கெட்டை இருபத்தாறாவது வாரத்துக்குப் போடு. அது இல்லையென்றால் நூற்றிருபத்தாறாவது வாரத்துக்குப் போடு.

நீங்கள் இரண்டு பேரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். கடிதம் கிடைத்ததும் போன் செய், திட்டுவதாக இருந்தாலும் செய்.

என்றும் உன் நினைவாக,
அம்மா