சனிக்கிழமை வரிசை

அன்புள்ள சிட்டு,

நானும் அம்மாவும் நலம். என் முழங்கால் மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது, அதைப் பொருட்படுத்த வேண்டாம். நீ வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, சுகமாக இருக்கிறாய் என்ற நம்பிக்கையில்தான் இதைத் தொடங்குகிறேன். வாரக் கடைசியிலும் அலுவலகம் போகிறாய், அதற்கென்று தனியாக எதுவும் தருவதில்லை, அதிகாரி அதை 'ஒத்தாசை' என்கிறார், கேட்கக் கூச்சமாயிருக்கிறது என்று எழுதியிருந்தாய். படித்ததும் அம்மா என்னைத்தான் பார்த்தாள். "மூக்கு மட்டும்தான் உங்க ஜாடைன்னு நெனச்சேன்" என்றாள். அதனால் இங்கே நடந்ததை எழுதுகிறேன். அறிவுரை சொல்ல எனக்கு யோக்கியதை உண்டா என்பதை நீயே தீர்மானித்துக்கொள்.

தெருக்கோடி அச்சகத்துக்கு நான் பிழை திருத்தப் போவது உனக்குத் தெரியும். சனிக்கிழமை சாயங்காலம் மெஷினை நிறுத்தியதும் அங்கே எல்லோரும் முதலாளியின் மேசை முன் வரிசையாக நின்று கூலி வாங்குவார்கள். என்னை மட்டும் அவர் நிற்க விடுவதில்லை. நான் படித்த மனிதனாம். நான் செருப்பு மாட்டும்போது பின்னாலேயே வந்து, "காப்பிச் செலவுக்கு சார்" என்று சட்டைப் பையில் ஓர் உறையைச் செருகிவிடுவார். மரியாதைதானே என்று எனக்கும் உச்சி குளிர்ந்தது. ஆனால் பார், கூலியை யாரும் மறப்பதில்லை, காப்பிச் செலவு மறந்துபோகக்கூடியது. ஒரு வாரம் மறந்தார், பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. "என்ன, காப்பியை நிறுத்திட்டீங்களோ?" என்றாள் அம்மா.

கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். எந்தச் சொல்லைப் போட்டுக் கேட்பது என்பதில்தான் சிக்கல். கூலி என்றால் அவர் மனம் புண்படுமோ, சம்பளம் என்றால் உங்களை மாதக் கணக்கில் வைத்தது யார் என்பாரோ, சன்மானம் கேட்க நான் என்ன வித்வானா. கடைசியில் 'ஊதியம்' என்று முடிவுகட்டி, கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தேன். "அத நோட்டீசுல போடுவாங்க, வாயால யாராவது கேட்டதுண்டா?" என்று அடுக்களையிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். அதோடு என் துணிச்சல் கலைந்துபோனது. முதலாளி எதிரில் போய் நின்றபோது என் வாயிலிருந்து வந்தது, "மின்விசிறி கொஞ்சம் சத்தம் போடுகிறது" என்பதுதான். தங்கமான மனிதர், அன்றைக்கே ஆள் வைத்துச் சரிசெய்தார். வந்த ஆளுக்கு என் கண்ணெதிரிலேயே கூலியும் கொடுத்தார்.

போன சனிக்கிழமை துணிந்து வரிசையிலேயே போய் நின்றேன். நின்றேனே தவிர, பஸ் பிடிக்க வேண்டியவர், குழந்தையை விட்டுவிட்டு வந்தவர் என்று ஒவ்வொருவராக முன்னால் அனுப்பிக்கொண்டிருந்தேன். பைண்டிங் செய்யும் அம்மாள் மட்டும் நகரவில்லை. "நீங்க வேலைக்கு வந்தவரா சார், வழி விட வந்தவரா?" என்று என் முழங்கையைப் பிடித்து முன்னால் தள்ளிவிட்டார். முதலாளி பதறி எழுந்து, "ஐயோ, நீங்க எதுக்கு நிக்கிறீங்க, உக்காருங்க சார்" என்று நாற்காலியை நகர்த்தினார். உட்கார்ந்தால் பழையபடி விருந்தாளிதான். உட்காரத்தான் போனேன் என்பதும் உண்மை. பின்னாலிருந்து மெஷின்காரர், "உக்காந்துடாதீங்க சார், நாங்களும் வீட்டுக்குப் போகணும்" என்றார். அந்த அவசரத்தில் "என் கூலி" என்று சொல்லிவிட்டேன். விசிறி சத்தம் இல்லாததால் அது எல்லோர் காதிலும் தெளிவாக விழுந்தது. முதலாளி நாக்கைக் கடித்துக்கொண்டு, விட்டுப்போனதையும் சேர்த்துக் கொடுத்தார். "மொதல் கூலி, டீ கிடையாதா?" என்றார் மெஷின்காரர். எல்லோருக்கும் வாங்கிக் கொடுத்தேன். அந்தச் செலவைப் பற்றி அம்மாவின் கருத்தை இங்கே எழுதவில்லை.

ஆகவே சிட்டு, எந்தச் சொல்லானாலும் சரி, கேட்டுவிடு. உட்காரச் சொன்னால் நின்றுகொண்டே கேள். உடம்பைப் பார்த்துக்கொள். உனக்கு ஒரு குறையும் வராது, எங்கள் ஆசி என்றும் உண்டு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. திங்கட்கிழமை காலையில் அதிகாரியைப் பார்த்த உடனேயே கேள். கொஞ்சம் தாமதித்தாலும் நம் குடும்பத்தில் அது மின்விசிறியாக மாறிவிடும்.

உன் நினைவாகவே இருக்கும்,
அப்பா